கல் பொறுக்கிய நிலம்

அப்பா,

இன்று காலை இங்கே தோஹாவில், நஜ்மா சிக்னலில் என் காருக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதில் கட்டுக் கட்டாக ஜத்து, நீங்கள் ஆடுகளுக்காகப் பயிரிட்ட அதே தீவனப்புல். கண்ணாடி ஏற்றியிருந்தும் பச்சை வாசனை உள்ளே வந்துவிட்டது. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில் அம்மாவும் நானும் வந்து இறங்கியபோது எனக்கு ஐந்து வயது. குவாரியில் வேலை பார்த்த உங்களிடம் விவசாயம் தெரியுமா என்று கேட்டு, ஒரு அரபி முதலாளி அந்த இடத்தை ஒப்படைத்திருந்தார். எங்களுக்கும் அவரே விசா எடுத்துக் கொடுத்தார். மரம் இல்லை, வேலி இல்லை, பார்த்த பக்கமெல்லாம் கல். நடுவில் நீங்கள் கட்டிய ஒற்றை அறை. அம்மா பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இங்கயாங்க குடும்பம் நடத்தப் போறோம்?"

"ஒரு வருஷம் பொறு" என்றீர்கள்.

அந்த வருஷம் முழுக்கக் கல் பொறுக்கினோம். அம்மா முந்தானையில், நான் பால் டின்னில். அதையே அடுக்கிச் சுவராக்கினீர்கள். இரண்டு இடத்தில் தோண்டியும் புழுதிதான். மூன்றாவது கிணற்றில் தண்ணீர் கசிந்தபோது அம்மா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, சோறு பொங்கலாம் என்றாள். அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

பிறகு பேரீச்சை வந்தது, எலுமிச்சை வந்தது. சந்தைக்குப் போகும் நம் காய்கறி வண்டியிலேயே நான் பள்ளிக்கூடம் போனேன். கல்யாணமாகி தோஹாவுக்கு வந்தேன்.

முதலாளி இறந்த இரண்டாம் வாரம் அவருடைய மகன்கள் வந்தார்களாம். மரியாதையாகத்தான் பேசினார்கள் என்று அம்மா சொன்னாள். குடோன் கட்ட நிலத்தை விற்றாயிற்று, மாதக் கடைசியோடு கலாஸ், எல்லாம் முடிந்தது என்றார்களாம். விசாவும் அதோடு முடிய, நீங்கள் ஊருக்கு டிக்கெட் எடுத்தீர்கள்.

கடைசி நாள் நானும் வந்திருந்தேன். ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்து நிற்கிறது, நீங்கள் எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கு ஜேசிபி வரப்போகுது, எதுக்குப்பா இது என்று எரிச்சலோடு கேட்டேன்.

"இன்னைக்கு வெயில் இருக்குல்ல" என்றீர்கள்.

ஊரில், சிவகங்கையில் நீங்கள் எடுத்த வாடகை வீட்டுக்குப் பின்னால் நல்ல மண் கிடந்தது. ஒரு கீரை விதைகூட நீங்கள் போடவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா போனில் சொல்வாள். ஆறாவது மாதம் ஒரு காலையில், அப்பா எந்திரிக்கலை என்றாள். நான் அடுப்பை அணைத்தேன். மகளுக்கு டிபன் கட்டினேன். லீவுக்கு மெயில் போட்டேன். எல்லாம் வரிசையாக நடந்தது. சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பியபோதும் எத்தனை பேருக்கு டீ என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த கத்தார்க்காரர் என் அரபியைக் கேட்டுச் சிரித்துவிட்டார். ஆடு மேய்க்கிற கிழவர்கள் பேசுகிற பேச்சு, எங்கே கற்றீர்கள் என்றார். நீங்கள் அந்த மலைப் பக்கத்துக் கிழவர்களிடம் பேசிப் பேசி என் வாயில் ஒட்டியது அது.

"ராஸ் அல் கைமாவில், என் அப்பாவின் தோட்டத்தில்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு முத்திரை குத்தினார்.