உங்கள் மகளின் கேக்கில் நான் ஒட்டிய கோடுகள்

அண்ணி,

இன்று காலை கேக்கின் மேல் ஒட்டும் சீனி மாவு பிசையும்போது பன்னீர் வாசம் மூக்கில் ஏறியது. கூடவே உங்கள் முகமும் வந்து நின்றது. இறந்தவர்களை நினைத்தால் கண் கலங்கும் என்பார்கள். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. இங்கே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கேக். அதற்குச் சீனி மாவில் வெட்டிய கோடுகள் இறுகும்வரை வேறு வேலை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கிள்ளானில் அண்ணனின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நான் வந்து சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் ஒரு துரை பங்களாவில் சமையல்காரர். அவரோடு நின்று நானும் கேக் வேலை பழகியிருந்தேன். உங்கள் வீட்டில் அதற்கு என்ன மதிப்பு? உங்களுக்கு வேண்டியது அம்மி அரைக்க ஓர் ஆள்.

அப்புறம் உங்கள் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணம் வந்தது. அண்ணன் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கிராணி வீட்டுக் கல்யாணம், கேக் இல்லாமல் நடக்குமா? "நீயே செஞ்சிடேன், வேலை தெரிஞ்சவ சும்மாதானே இருக்கே" என்றீர்கள். நாள் முழுக்க உங்கள் வீட்டில் மாடாய் உழைத்தவள் சும்மா இருந்தேனாம்! ஆனாலும் எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கேக்கைப் பார்த்து நாலு பேர் விசாரித்தால் போதும், செய்து விற்றுத் தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம், உங்கள் குசினியை விட்டுக் கிளம்பிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன்.

அது மழைக்காலம். சீனி மாவு ஈரத்தை இழுத்து நசநசத்துப்போகும். கரியடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிக்கோல் பிடித்து வெட்டிய கோடுகளை அந்த அனலில் லேசாக இறுகவிட்டு, முட்டை வெள்ளையைத் தொட்டு, கேக்கைச் சுற்றி ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஒட்டினேன். வெள்ளை, ரோஜா, வெள்ளை, ரோஜா. முதுகு விட்டுப்போயிற்று. ஒரு கோடுகூடச் சாயவில்லை.

கல்யாணத்தன்று கேக் மேசைக்குப் போனதும் என்னைக் குசினிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனீர்கள். "நீ செஞ்சதுன்னு மூச்சு விடாதே லா. தாலியறுத்தவ கை பட்டதுன்னு தெரிஞ்சா சம்பந்தி வீட்டுல வாயில வைப்பாங்களா?"

பங்குச் சாமியார் கேக்கை மெச்சினார். "கோலாலம்பூர் பேக்கரில சொல்லி வச்சது சாமி, காலை ரயில்ல வந்துச்சு" என்றீர்கள். ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கும் வாய், கொஞ்சமும் கூசவில்லை. ரயில் குலுக்கலில் அந்தக் கோடுகளில் ஒன்றாவது வெடிக்காமல் வந்திருக்குமா? ரயில்வேக்காரர்கள் நிறைந்த சபையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எந்தப் பேக்கரி என்று பெண்கள் ஆசையாகக் கேட்டதும், நீங்கள் வழி சொன்னதும், தட்டுக் கழுவிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தன. அதன் பிறகு வருடக்கணக்காக உங்கள் அம்மியோடு கிடந்தேன். கடைசியில் அண்ணனோடு சண்டை போட்டுத்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன்.

போன மாதம் அண்ணன் ஆள் அனுப்பினார். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டத்தான் யாரும் முன்வரவில்லை. மருமகள் மாசமாக இருக்கிறாள். பிணத்தைத் தொட்டால் ஆகாதென்று ஸ்டெல்லா முதல் தாலி போட்டவர்கள் எல்லாரும் வாசலோடு நின்றுகொண்டார்கள். உங்கள் தங்கை என்னிடம் வந்தாள். "அக்காவ நீ குளிப்பாட்டிடு. நீ தொட்டா ஒண்ணும் இல்ல."

குளிப்பாட்டினேன், அண்ணி. தலை சீவி, புடவை கட்டி, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றினேன். அழுகை வரவில்லை. பிறகு எல்லாரும் உள்ளே வந்து பார்த்தார்கள். "எவ்வளவு லட்சணமா இருக்காங்க. யாரு செஞ்சது?" என்று ஸ்டெல்லாவின் மாமியார், அந்தச் சம்பந்தியம்மா, கேட்டார்.

கூடம் முழுக்கக் கேட்கும்படி, "நான்தான் செஞ்சேன்" என்றேன்.

அதைச் சொல்வதற்கு நீங்கள் சாகும்வரை என்னைக் காக்க வைத்தீர்கள். அந்தக் கோபம் என்னோடுதான் இருக்கிறது. அதை விடுவதாக எனக்கு உத்தேசம் இல்லை.