உள்ளே கட்டிய துண்டு

சேக்காளி,

இன்று காலை உன் மகள் உன் ஃபிளெக்ஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும் பெரியப்பா" என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்ததும் அந்த மை வாடை ஏறியது. யாரோ ஒரு பிள்ளையின் காதுகுத்துக்கு அடித்து, பெயர் தப்பாகிப்போனதால் அச்சாபீஸில் ஒதுக்கிய ஃபிளெக்ஸ். அதை மடித்துத் தைத்து யோகாப் பாயாக்கியிருந்தாய். தலைமாட்டில் தாய்மாமன்மார் வரிசையாகக் கும்பிட்டு நிற்கிறார்கள். குப்புறப் படுத்தால் உன் மூக்கு மூத்த மாமனின் மீசையில்தான் இருக்கும்.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே அவள் பேனா நிற்கிறது. நிற்கட்டும் என்று நானும் நிற்கிறேன்.

தாயில்பட்டிப் பக்கம் கம்பெனியில் நாம் லோடு ஏற்றிய காலம் நினைவிருக்கிறது. பட்டாசுப் பெட்டியை இழுக்கக் கூடாது, உருட்டக் கூடாது, தொப்பென்று போடக் கூடாது. உரசினால் என்ன ஆகும் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்ததைத் தாங்கிப் பிடித்து ஓசையில்லாமல் இறக்க வேண்டும். அதற்காகத்தான் எல்லாரும் துண்டை இடுப்பில் இறுக்கிச் சுற்றி, தம் பிடித்துத் தூக்கினோம். வேலையை விட்ட பிறகும் நான் அந்தத் துண்டை அவிழ்க்கவில்லை. அது இல்லாமல் எழுந்து நிற்கவே பயமாக இருந்தது.

அப்புறம் என் வீட்டுக்காரிக்கு, உன் மதினிக்கு, வாதம் வந்தது. வலப்பக்கம் போனது, பேச்சும் போனது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் நான்தான் தூக்கி வைத்தேன். ஆடி மாதம் ஒரு காலையில் தூக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளை எப்படியோ கட்டிலில் சாய்த்துவிட்டு நான் தரையில் கிடந்தேன்.

திருப்பூரிலிருந்து மகன் ஓடி வந்தான். "தீவாளிக்கு வருவேன்ப்பா. அதுவரைக்கும் ஆள் வச்சுப் பாப்போம். அப்பவும் உங்களால தூக்க முடியலைன்னா அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவன் குடியிருப்பது ஒற்றை அறை. நானும் கூடப் போய்க் கிடக்க அங்கே இடமில்லை. உன் மதினி ஒன்றும் சொல்ல முடியாமல், நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெளுக்கிற அளவுக்குப் பிடித்தாள். நீயும் வாசலில் நின்று பார்த்தாய்.

மறுநாளே ஃபிளெக்ஸைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாய். விருதுநகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது முட்டிவலிக்காக யோகா வகுப்புக்குப் போய்வந்தவன் நீ.

"ஏலே, டாக்டர்கிட்டக் காட்டுனியா?"

"காட்டுனேன். வலி கொறஞ்சதும் மெதுவா உடம்ப அசைக்கச் சொன்னாரு."

"அப்ப மொதல்ல அந்தத் துண்ட அவிழு."

"அவுத்தா இடுப்பு கழண்டு விழுந்துரும்லே."

"இம்புட்டு வருசமா வயித்து வேலையத் துண்டு பாத்துச்சு. வயிறு தின்னுட்டு ஒறங்குச்சு."

முதுகைத் தாங்குகிற அந்த உள் தசைகளை வகுப்பில் கோர் என்பார்கள் என்றாய். வயிற்றில் கட்டுக்கட்டாகத் தெரிவதா என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாய்.

"அட்டப்பெட்டிய நெனச்சுக்க. முன்னால வயிறு. பின்னால முதுகெலும்ப ஒட்டுன தச. மேல மூடி மாதிரி மூச்சு வாங்குற தச. அடியில இடுப்புக் குழியத் தாங்குற தச. இது எல்லாத்தையும் சேத்து உள்ள ஒரு பட்டை சுத்தி வருது. அடிப்பெட்டி தொளதொளன்னு இருந்தா மேல அடுக்குன லோடு என்ன ஆகும்?"

"சாயும்."

"அதுதான் உன் முதுகு."

வலி தணிந்த பிறகு பூனை மாதிரி முதுகை வளைக்கச் செய்தாய். மல்லாந்து படுத்து இடுப்பைப் பாலம் மாதிரி உயர்த்தச் சொன்னாய். பிறகு முட்டியை ஊன்றியபடி பலகை மாதிரி நிற்க வைத்தாய். அங்கேதான் பழைய புத்தி வந்தது. லோடுக்காரன் தம் பிடிக்காமல் எதைச் செய்வான்? மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கண் இருட்டி, தாய்மாமன் மீசைமேல் முகம் குப்புற விழுந்தேன்.

"லாரி எங்கலே நிக்குது?" என்று கேட்டாய்.

"தம் பிடிச்சாத்தான பலம்?"

"நம்ம வயசுக்கு அது மண்டைக்கு ஏறும். மூச்ச விடுலே. விடுறப்ப தொப்புள் தானா முதுகப் பாத்துப் போகுதா? அதுதான் உன் துண்டு. உள்ளயே கட்டியிருக்கு."

கட்டிலில் கிடந்த உன் மதினி வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். வாதத்தில் விழுந்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள்.

புரட்டாசி வாக்கில் இருமினால் இடுப்பில் வெட்டுவது நின்றது. சுவரைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்தேன். பஸ் படியில் கால் தடுமாறவில்லை. தொந்தி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. "அது கெடக்கட்டும், முதுகு நிக்குதா பாரு" என்றாய். முதலில் அரிசிப் பையைத் தூக்கச் சொன்னாய். பிறகு உன்னையே தூக்கச் சொன்னாய். நீ கூச்சத்தில் நெளிந்ததில் இரண்டு பேரும் விழப் பார்த்தோம்.

தீபாவளிக்கு மகன் வந்தான். அம்மாவின் சேலைகளை வைக்கக் காலிப் பை ஒன்றும் கொண்டுவந்திருந்தான். தெருவில் வெடிச்சத்தம். நான் காலை அகட்டி நின்று, முட்டியை மடக்கி, உன் மதினியை நெஞ்சோடு அணைத்தேன். மகன் பார்க்கிறான் என்றதும் மூச்சு அடைத்துக்கொண்டது. கதவோரம் நின்ற நீ தூக்கு என்று சொல்லவில்லை. "விடு" என்றாய், அவ்வளவுதான். விட்டேன். அவள் என் நெஞ்சோடு எழுந்து வந்தாள். நாற்காலியில் ஓசையில்லாமல் இறக்கினேன், பட்டாசுப் பெட்டியை இறக்குகிற மாதிரி.

மகன் அந்தப் பையில் முறுக்கையும் அதிரசத்தையும் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனான்.

பங்குனியில் நீ உறக்கத்திலேயே போய்விட்டாய். தோள் கொடுக்க நான் போனபோது, "பெரியாளு, நீங்க வேண்டாம், ஒதுங்கிக்கோங்க" என்றார்கள். ஒதுங்கவில்லை. குனிந்தேன். நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது மூச்சு மட்டுமில்லை. விடு என்று சொல்லக் கதவோரம் யாருமில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டேன். நீ என் தோளுக்கு ஏறினாய். தெருமுனை வரைக்கும் நீ கனக்கவே இல்லை.

இன்று இந்த மை வாடைக்கு நடுவே உன் மதினியைத் தூக்கக் குனிந்தேன். உன் நினைப்பில் அப்படியே நின்றுவிட்டேன். மூச்சு உள்ளேயே நின்றது. உன் மதினிக்கு இப்போது ஒன்றிரண்டு சொல் வருகிறது, குழறலாக, பாதியாக. என் காதோரம் அவள் வாய் அசைந்தது.

"விடுலே" என்றாள்.

கட்டியவனை லே போடுகிறாள், பார். நீ சொல்லிச் சொல்லி அவள் கேட்ட சொல், லேயும் சேர்ந்தே வந்துவிட்டது. இதை எழுதும்போது உன் மகள் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள், கண்ணையும் துடைத்துக்கொள்கிறாள்.

விட்டேன் சேக்காளி. தூக்கிவிட்டேன். உன் மதினி நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.