பதிவேட்டில் நான் எழுதிய சொல்

கீழ் கோத்தகிரி
ஞாயிறு மதியம்

அன்னக்கிளி பெரியம்மாவுக்கு ஷண்முகப்ரியா வணங்கி எழுதுவது.

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு முறை உங்கள் வீடு வரை வந்து, கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். இதை உங்கள் மகள் மஞ்சு படித்துக் காட்டட்டும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். மழைக்குப் பிறகு தேயிலைக் கொழுந்து அதிகம். உங்கள் செடி நிரையைத் தங்கமணி அக்கா பார்த்துக்கொள்கிறார்.

அன்று இலை வெட்டும் கத்தரி விரலில் பட்டு, முந்தானையைச் சுற்றிக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்கு வந்தீர்கள். தரையில் ரத்தம் சொட்டியது. நான் விபத்துப் பதிவேட்டைத் திறந்தேன். "பெருசா எழுதுனா மேல கேள்வி வரும். இங்கிலீஷ்ல சின்னதா ஒரு வார்த்தை போடம்மா, டிகிரி படிச்ச புள்ளதான?" என்றார் பெரிய கிளார்க் ஹரிஹரசுதன் சார். நான் 'நிக்' (nick) என்று எழுதினேன். சவரம் செய்கையில் கன்னத்தில் படுகிற அளவு வெட்டு என்று பொருள். சாருக்கே அது தெரியவில்லை. "பரவால்லியே!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, பெரியம்மா. நீங்கள் எதிரே நின்றுகொண்டிருந்தீர்கள்.

"என்ன கண்ணு எழுதீருக்கற?" என்று கேட்டீர்கள். "கத்தரி பட்டுருச்சுன்னுதானுங்க" என்றேன். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று பெருவிரல் ரேகையை வைத்துவிட்டுப் போனீர்கள்.

சின்னக் கீறலுக்கு லீவு கிடையாது. மறுநாளும் மழையில் இலை எடுத்தீர்கள். சீழ் பிடித்து, கோயம்புத்தூரில் பாதி விரலை எடுத்த பிறகுதான் நான் அகராதியைப் பிரித்தேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகத் தெரியாதாம். மரத்தில் அடையாளத்துக்குப் போடும் வெட்டு, கீறல், திருடுவது, சிறைச்சாலை என்று வரிசையாகப் போட்டிருந்தது. எந்தப் பொருளிலும் உங்கள் விரல் அடங்கவில்லை.

அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் உங்கள் இழப்பீட்டு மனு திரும்பி வந்தது. புதன்கிழமை குன்னூரில் நடக்கும் மறுவிசாரணைக்கு நானும் வருகிறேன். கண்ணால் பார்த்ததையும், யார் சொல்லி எப்படி எழுதினேன் என்பதையும் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சாரிடம் சொன்னேன். "உன் வேலைக்கு நீயே உலை வெக்கற" என்றார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என் பட்டமளிப்பு விழாவுக்கு அவள் வந்த அன்று, அவள் நிரையின் இலையையும் சேர்த்து எடுத்தது நீங்கள். அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மஞ்சு அந்தத் தாளை இரண்டு முறை படிக்கட்டும். உங்கள் வலியைவிடச் சின்னதாக ஒரு சொல் இருந்தாலும் அடித்துவிடச் சொல்லுங்கள். மறுபடி எழுதுகிறேன்.

புதன் காலை ஆறரை பஸ்ஸுக்கு நிற்பேன். என்னோடு பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார மட்டும் விடுங்கள், பெரியம்மா.

உங்கள் கை ஆற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
ஷண்முகப்ரியா