ஒரு அட்டை, ஐந்து பேர்

பிப்ரவரி 3

மேனேஜர் இரண்டு நாளாக மல்லுக்கட்டிய கணக்கை இன்று டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்தேன். இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

நான் வேலை பார்க்கும் நீச்சல் குளத்தை எந்த நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று நிர்வாகக் குழு கேட்டிருக்கிறது. மூன்று மாத வருகைப் பதிவை மேனேஜரே எக்செலின் பிவட் டேபிளில், அதாவது தானாகத் தொகுத்து எண்ணும் அட்டவணையில் போட்டு, காலை ஆறு மணி பெண்கள் நேரத்துக்கு 2,316 பேர் என்று எழுதி வைத்திருந்தார். அத்தனை பேர் இறங்கினால் தண்ணீர் வெளியேதான் நிற்க வேண்டும். அது வருகை சார், ஆட்கள் இல்லை என்றேன். ஒருத்தரே முப்பது நாள் வந்தால் அது முப்பது என்றுதான் எண்ணும்.

பிவட் டேபிளை உருவாக்கும்போதே அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், டேட்டா மாடலில் சேர்க்கவா என்று. அதில் டிக் போட்டால்தான் எண்ணும் முறைகளின் கடைசியில், எத்தனை முறை வந்தாலும் ஒன்றாக எண்ணும் ‘டிஸ்டிங்க்ட் கவுண்ட்’ எட்டிப் பார்க்கும். போடாவிட்டால் தலைகீழாக நின்றாலும் வராது. பெயரை வைத்து எண்ணலாமா என்று யோசித்தேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒன்றாகிவிடுவார்கள். அதனால் உறுப்பினர் அட்டை எண்ணை வைத்தேன்.

2,316 ஒரே நொடியில் 54 ஆனது. மேனேஜர் வாயைப் பிளந்தார். நான் ஒன்றுமே நடக்காததுபோல் டீயைக் குடித்தேன்.

பிப்ரவரி 5

நூறு பேருக்குக் கீழே வரும் நேரங்களைப் போட்டி அணிக்குக் கொடுத்துவிடலாம் என்று குழு பேசுகிறதாம். முதலில் போவது காலைப் பெண்கள் நேரம். அணியின் கோச் இப்போதே விசிலைத் துடைத்து வைத்துவிட்டார்.

அக்கா போவது அந்த நேரத்தில்தான். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வேறு நேரத்தில், ஆண்கள் நடுவில் அவள் இறங்க மாட்டாள். வருத்தம்தான். ஆனால் கணக்கு கணக்குதானே?

பிப்ரவரி 6

அக்கா போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 8

நேரிலேயே போனேன். கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய் நின்றேன். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“அம்பத்து நாலு பேருன்னு சொன்னது நீதானா?”

“கணக்குல தப்பு இல்லக்கா.”

“எங்க வீட்டுல இருந்து மட்டும் நாலு பேரு போறோம்டி. நானு, என் மாமியாரு, நாத்தனாரு, பெரிய பொண்ணு. அட்டையில இன்னொரு இடம் காலியா இருக்குன்னு உன் பேரையும் போட்டு வெச்சேன். ஒரு நாளாவது வந்தியா?”

மனசுக்குள் எதுவோ இடறியது. நாலு பேர் — ஒரே அட்டை. என் பிவட் டேபிளில் அந்த நாலு பேரும் சேர்ந்து ஒன்று.

குடும்ப அட்டை! ஒரே எண்ணுல அஞ்சு பேரு வரைக்கும் வரலாம். தினமும் என் மேசையிலதானே அது தயாராகுது. எப்படி எனக்குத் தோணாம போச்சு? மற்ற நேரத்துல எல்லாம் ஆளுக்கொரு அட்டை. மாமியார், மருமகள், மகள் என்று கூட்டமா வர்றது இந்த ஒரு நேரத்துலதான். நான் எண்ணினது ஆளை இல்ல, அட்டையை. அதுவும் எவ்வளவு பெருமையா!

சரி. நான் போட்ட முடிச்சு, நானே அவிழ்ப்பேன்.

பிப்ரவரி 9

அட்டை எண் மட்டும் போதாது, பெயர் மட்டும் போதாது. புது நெடுவரிசை ஒன்றில் இரண்டையும் ஒட்டவைத்து, அதை எண்ணச் சொன்னேன். 151.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் உறுத்தியது. பட்டியலை இறக்கிப் பார்த்தால் அக்காவின் மாமியாரே இரண்டு முறை இருக்கிறார். வரவேற்பில் இருக்கும் பெண் தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு நாள் ஒரு இடைவெளி விடுகிறாள், ஒரு நாள் இரண்டு. நம் கண்ணுக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். கூடுதல் இடைவெளியை நீக்கும் ட்ரிம் போட்டு எல்லாப் பெயரையும் சுத்தம் செய்தேன்.

எண் அசையவே இல்லையே என்றார் மேனேஜர். ரெஃப்ரெஷ் கொடுக்க வேண்டும், பிவட் டேபிள் தானாகத் திரும்பிப் பார்க்காது என்றேன். கொடுத்ததும் 143.

எட்டுப் பேரை எதற்கு வீணாகக் குறைத்தாய் என்று அவருக்கு மனத்தாங்கல். இல்லாத ஆளை எண்ணினால் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார், அப்புறம் இருக்கிற ஆளையும் நம்ப மாட்டார்கள் என்றேன். எல்லா நேரத்தையும் இதே முறையில் எண்ணினேன். போட்டி அணி 22. முன்பும் 22தான்.

பிப்ரவரி 12

குழுக் கூட்டம். கோச் விடவில்லை. போன வாரம் ஐம்பத்து நாலு, இந்த வாரம் நூற்று நாற்பத்து மூன்று, அடுத்த வாரம் என்ன சொல்வீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன்.

“போன வாரம் நான் அட்டைய எண்ணிட்டேன் சார், அது என் தப்பு. இந்த வாரம் ஆளை எண்ணியிருக்கேன். குளத்துல இறங்குறது ஆளுங்கதான்.”

கோச் பட்டியலைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். அதற்காகத்தானே அந்த எட்டைக் குறைத்தேன்.

பிப்ரவரி 14

காலை ஆறு மணி பெண்களுக்கே. அக்கா போனை எடுத்தாள்.

மார்ச் 4

தண்ணீர் இவ்வளவு குளிரும் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பிடிப்பு வேண்டுமென்று நினைத்தேன். பாதி தூரத்தில்தான் தெரிந்தது, அந்தப் பிடியால் விழாமல் நிற்பது நான்தான். அவள் மாமியார் எங்களைத் தாண்டி மீன் மாதிரி போய்க்கொண்டிருந்தார்.

ஈரத் தலையோடு ஆபீஸ் வந்து இன்றைய பதிவுகளைச் சேர்த்தேன். என் பெயருக்கு நடுவில் இரண்டு இடைவெளி விழுந்திருந்தது. திருத்தினேன். நேற்று வரை 146.

ரெஃப்ரெஷ் கொடுத்தேன். 147.