சொல்லப் பாவம் இல்லாதவன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் கடவுள் கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதற்கு அடுத்து 'நானும் இங்கே சுகம்' என்று எழுதிப் பழகிய கை தானாக ஓடுகிறது, பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. ஆயுள் முழுக்க லேத்தில் இரும்பு கடைந்த மனுஷனுக்கு ஒரு வாஷர் மாற்றத் தெரியாதா என்று உன் அம்மா இருந்தால் மானத்தை வாங்கியிருப்பாள். மாற்றத் தெரியும், அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே யாரோ இருப்பது போல இருக்கிறது, அதனால் விட்டுவைத்திருக்கிறேன். மாடி வீட்டுத் தையல்காரரும் மகன் வீட்டோடு போய்விட்டார், அவர் மிஷின் சத்தமும் போயிற்று.

சனிக்கிழமைதோறும் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன் என்று எழுதியபோது நீ பெருமைப்பட்டாய். பெருமைப்படாதே. அந்தச் சின்ன அறையில் முழங்காலிட்டால் தடுப்புக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியார் 'சொல்லுங்க' என்கிறார், வாரம் முழுக்க என்னிடம் அப்படிக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான். ஆனால் சொல்வதற்குப் பாவம் வேண்டுமே. தனிக்கட்டைக்குப் பாவம் செய்யக்கூட ஆள் தேவைப்படுகிறது, சண்டை போட, பொறாமைப்பட, புறம் பேச யாரும் இல்லை. இருந்த சில்லறைப் பாவங்கள் தீர்ந்ததும் புதிதாகக் கடைந்தெடுக்க ஆரம்பித்தேன். போன வாரம், கூட வேலை செய்கிறவனைக் கோபத்தில் அடித்துவிட்டேன் என்றேன். சாமியார் மெதுவாக, 'ஐயா, உங்க பட்டறைய இடிச்சு அங்க பள்ளிக்கூடமே வந்தாச்சே, யாரைப் போய் அடிச்சீங்க' என்றார்.

எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிறது, நான் எனக்கு எதிராகவே சொல்லியிருக்கிறேன், அதுவும் அந்த இடத்தில். இது நரகத்தில் தள்ளுகிற சாவான பாவமா சாமி என்று கேட்டேன். 'அதுக்கு விஷயம் பெருசா இருக்கணும், பாவம்னு தெரிஞ்சிருக்கணும், மனசார செஞ்சிருக்கணும். பொய் பொய்தான், மன்னிப்புக் கேளுங்க. ஆனா நீங்க மனசார செஞ்சது பேச வந்தது ஒண்ணுதான்' என்றார். வேறு யாரிடமாவது இப்படிப் பொய் சொல்கிறீர்களா என்றும் கேட்டார். என் மகளிடம், ஒவ்வொரு கடிதத்திலும், சுகமாக இருக்கிறேன் என்று, என்றேன். அப்போது அழுதுவிட்டேன். செபம் ஒன்றும் கொடுக்கவில்லை, உனக்கு உண்மையை எழுத வேண்டும், அதுதான் பரிகாரம் என்று அனுப்பிவிட்டார்.

போனில் ஒருநாள் நீ கேட்டாயே, 'உங்களைத் தனியா விட்டுட்டு வந்தது நாலாம் கட்டளையை மீறின பாவமாப்பா' என்று. அன்றைக்குச் சிரித்து மழுப்பினேன். இப்போது யோசித்துச் சொல்கிறேன், அப்பா அம்மாவை மதிக்கச் சொன்ன கட்டளை அது, பக்கத்திலேயே கட்டிப்போடச் சொன்னதல்ல. நீ பிழைக்கப் போனாய், அதில் பாவம் இல்லை. ஆனால் என்னால் தனியாக இருக்க முடியவில்லை குட்டி. இரண்டும் உண்மை, ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். வேலை முடிந்து இருட்டில் தனியாக நடந்து வராதே, மாப்பிள்ளையைக் கூப்பிட வரச்சொல். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. கடைசியில் எப்போதும் 'என்னைப் பற்றிக் கவலைப்படாதே' என்று எழுதுவேன். இந்த முறை கொஞ்சம் கவலைப்படு.

உன்,
அப்பா