அழகுமீனா சொன்ன ‘இல்ல மிஸ்’

விளாங்குடி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் காம்பவுண்டுச் சுவரில்தான் உங்களைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பசை இன்னும் காயவில்லை, அதன் புளித்த வாடை பஸ்ஸுக்கு நின்ற எல்லோருக்கும் அடித்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி எதையோ பார்க்கும் கண்கள். கீழே உறவினர் பெயர்கள் வரிசையாக இருந்தன. அதில் ‘மகள் அழகுமீனா’ என்று இருந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று போய்விட்டது.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்குமோ என்னவோ என்று எழுதினால் அது நடிப்பு. நிச்சயம் இருந்திருக்கும். இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு டீச்சர். பதினோரு வருடங்களுக்கு முன்னால், தொடர்ந்து மூன்று நாள், பள்ளி விடும் நேரத்தில் உங்கள் குட்டியானை லோடு வண்டியை வாசலில் ஓரங்கட்டிவிட்டு என் வகுப்பறைக்கு முன்னால் வந்து நின்றீர்களே, அந்த டீச்சர்தான். உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அப்போதெல்லாம் ‘மீனா ஃபாதர்’ என்றுதான் சொன்னேன், அதுவும் முகத்தைப் பார்க்காமல். இப்போது அண்ணே என்று அழைத்துக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணே, உங்கள் மகள் மெதுவாக எழுதுவாள். சோம்பேறித்தனம் இல்லை. ஓர் எழுத்து கோணலாக வந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள், அதையும் அழிப்பாள். போர்டில் நான் எழுதிப் போட்டதில் பாதியை அவள் எழுதி முடிப்பதற்குள் அடுத்த பீரியட் மணி அடித்துவிடும். அந்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். நாற்பத்திரண்டு நோட்டும் திருத்தி மேசையில் இருக்க வேண்டும். நாற்பத்தொன்று இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. நான் கோபக்காரி என்று ஊரே சொல்லும், ஆனால் என் கோபத்துக்கு ஆள் பார்த்து வரத் தெரியும். எங்கள் ஹெச்.எம். சிஸ்டரிடம் அது ஒரு நாளும் வந்ததில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் தாராளமாக வந்தது.

நான் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

“உங்கப்பன் வண்டியில ஏத்துற மூட்டையாட்டம் உக்காந்திருக்க. உனக்கெல்லாம் எதுக்குடி படிப்பு? அந்த மூட்டையோட மூட்டையா நீயும் ஏறிப் படுத்துக்க.”

வகுப்பு சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் எனக்கு வாய் இன்னும் நீண்டது. “ஏ மூட்டை, எந்திரி” என்றேன். மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் “மூட்டை, தள்ளு” என்று அவளை இடித்துக்கொண்டிருந்தார்கள். என் காதில் விழுந்தது. விழாத மாதிரி ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.

இப்படிப் பேசுவதற்கு எனக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பெற்றவர்கள் கொடுத்ததுதான். ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் நான் ஒரு வார்த்தை குறை சொன்னால் அவர்கள் நாலு வார்த்தை சேர்த்துக்கொள்வார்கள். “நல்லாத் திட்டுங்க டீச்சர், வீட்டுல எங்களுக்கு அடங்க மாட்டேங்குறான்” என்பார்கள். ஒரு தாய் என் மேசைக்கு எதிரிலேயே மகன் காதைத் திருகினாள். எனக்கு மனசு குளிர வேண்டும், வருஷம் முழுக்க அவன் மேல் எனக்குக் கடுப்பு வராமல் இருக்க வேண்டும் என்றுதான் அவள் அதைச் செய்தாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு மனசு குளிரவும் செய்தது. மற்றபடி எப்போதாவது ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டு வருவார். அவர்களைச் சமாளிக்கவும் பழகியிருந்தேன். சத்தம் போட்டவர் பக்கம் தப்பு என்று ஆக்கிவிடுவது ரொம்பச் சுலபம்.

நீங்கள் இந்த இரண்டு வகையிலும் சேரவில்லை. காக்கிச் சட்டையோடு, கையில் அவளுடைய டைரியோடு வந்தீர்கள்.

“டீச்சர், பாப்பா ஒண்ணு சொல்லுது. எனக்கு முழுசா விளங்கல. நீங்க என்ன சொன்னீங்களோ அத அப்படியே இதுல எழுதிக் குடுங்க.”

“என்ன சொன்னேன்? ஒழுங்கா எழுதுன்னு சொன்னேன்.”

“அதத்தான் டீச்சர். சொன்னதச் சொன்ன மாதிரி எழுதுங்க.”

குத்தலாகப் பேசுகிறீர்களோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. பேனாவைக்கூட நீங்களே நீட்டினீர்கள். வேலையை முடிக்கவில்லை, கவனம் தேவை என்று இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்துவிட்டீர்கள். “மாடி வீட்டுப் பிள்ளைய வாசிக்கச் சொன்னேன் டீச்சர். இதுல வண்டியும் இல்ல, மூட்டையும் இல்ல.” குரல் ஏறவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இந்தத் தடவை தமிழில், ‘கவனக்குறைவு. கண்டிக்கப்பட்டாள்’ என்று எழுதினேன். அதை நீங்களே எழுத்துக் கூட்டி வாசித்தீர்கள்.

“கண்டிக்கப்பட்டாள்னா, என்ன சொல்லிக் கண்டிச்சீங்க?”

வராண்டாவில் மற்ற டீச்சர்கள் நடையை மெதுவாக்கினார்கள். எனக்கு முகம் சுட்டது. “எதுக்குங்க உங்களுக்கு இதெல்லாம் எழுத்துல வேணும்?” என்று கேட்டேன்.

“நான் மேலூர்லேருந்து தெனமும் மார்க்கெட்டுக்குக் காய் ஏத்துற ஆளு டீச்சர். பெட்டி நசுங்கியிருந்தா ஏத்துற எடத்துலேயே சீட்டுல எழுதி வாங்கிருவோம். இல்லேன்னா வழியில நாந்தான் நசுக்குனேன்னு ஆயிரும்.” டைரியை மூடிக்கொண்டே சொன்னீர்கள். “பிள்ளை ரெண்டு நாளா சாப்பிடல. வீட்டுல அவள யாரு என்ன சொன்னீங்கன்னு அவ அம்மா என்னையக் கேக்குறா.”

நாளைக்கு சிஸ்டரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆபீஸ் ரூம் என்றால் உங்களைப் போன்றவர்கள் வர மாட்டார்கள் என்ற நினைப்புத்தான். நீங்கள் வந்தீர்கள்.

மூன்றாம் நாள் நடந்ததுதான் என்னைத் தின்கிறது. சிஸ்டர் நாற்காலியில். மேசைக்கு ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் நான். நடுவில் பையைக்கூடக் கழற்றாமல் மீனா. விஷயத்தை நீங்கள் சொன்னீர்கள். “சண்டைக்கு வரல சிஸ்டர். சொன்னத எழுதிக் குடுத்தாப் போதும், அம்புட்டுதான்.” சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் அப்படிச் சொல்லவே இல்ல சிஸ்டர். பிள்ளைங்க வீட்டுல போயி இல்லாததையெல்லாம் சொல்லுதுங்க” என்றேன். எவ்வளவு வழவழவென்று வந்தது தெரியுமா அண்ணே? திட்டும்போதாவது எனக்கு மூச்சு இரைக்கும். இதற்கு அதுவும் இல்லை.

சிஸ்டர் குனிந்து மீனாவிடம் கேட்டார். “டீச்சர் அப்படிச் சொன்னாங்களாம்மா? பயப்படாமச் சொல்லு.”

அவள் சிஸ்டரைப் பார்க்கவில்லை. உங்களையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் என் முகத்தை நான் எப்படி வைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். அப்படி வைத்திருக்காமல் கண்ணைத் தாழ்த்தியிருந்தால்கூடப் போதும், பிள்ளை தப்பித்திருக்கும்.

“இல்ல மிஸ்” என்றாள். கேட்டது சிஸ்டர், பதில் எனக்கு.

சிஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அடுத்து என்ன நடக்கும் என்பது எங்கள் இருவருக்கும் பழக்கப்பட்ட விஷயம். தகப்பன் அவமானப்பட்டுவிட்டான், இனிப் பிள்ளையின் முதுகில் நாலு அடி விழும், “ஏண்டி பொய் சொன்ன” என்று கேட்பான், நாங்கள் “விடுங்க, சின்னப் பிள்ளை” என்று தடுப்போம், எல்லோரும் வீட்டுக்குப் போவோம். நான் அந்த அடிக்காகக் காத்திருந்தேன். மனதுக்குள் வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

நீங்கள் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தோளிலிருந்து நழுவிய பைவாரைச் சரிசெய்தீர்கள். “சரி பாப்பா” என்றீர்கள். எழுந்து நின்று மேசையிலிருந்த டைரியை எடுத்துக்கொண்டீர்கள். பிறகு என்னிடம் சொன்னீர்கள்.

“எம் பிள்ளை பொய் சொல்லாது டீச்சர். இன்னைக்குத்தான் மொதத் தடவையாச் சொல்லியிருக்கு.”

அந்த வருடம் முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அதுவரை ஐந்து மாதம் மீனா என் வகுப்பில்தான் இருந்தாள். நான் அவளைத் திட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. நோட்டில் டிக் போட்டுத் தள்ளிவிடுவேன், அவளும் பேசாமல் வாங்கிக்கொண்டு போவாள். அதற்குப் பிறகு திண்டுக்கல் ரோட்டில் உங்கள் வண்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, டீக்கடையில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றீர்கள். சொல்ல வேண்டியதை நாக்கு நுனிவரை கொண்டுவந்துவிட்டேன். ‘அன்னைக்கு நான் சொன்னதுதான் அண்ணே, பாப்பா மொதல்ல சொன்னதுதான் நெசம்.’ நீங்கள் கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, தெரிந்தவர்களுக்குத் தலையாட்டுவதுபோல் ஆட்டினீர்கள். நான் சிரித்து வைத்தேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

போஸ்டரைப் பார்த்த மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். யாரென்று தெரியாமலே உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளேயிருந்து வந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. “வாங்க மிஸ்” என்றாள். காலேஜில் முதல் வருடமாம்.

பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே அவளைத் தனியாக அழைத்துச் சொன்னேன். “அன்னைக்கு நான் அப்படிச் சொன்னேன் மீனா. ஆபீஸ் ரூம்ல பொய் சொன்னது நான். நீ இல்ல.”

“தெரியும் மிஸ்” என்றாள். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

“அப்பாகிட்ட அப்புறமாச் சொன்னியாம்மா?”

“வண்டியில ஏறுனதுமே சொல்லிட்டேன் மிஸ். அப்பா ஒண்ணும் திட்டல. ஆனா அதுக்கப்புறம் நான் எது சொன்னாலும் ஒண்ணு கேப்பாரு. ‘நெசமாச் சொல்றியா பாப்பா, பயந்துக்கிட்டுச் சொல்றியா’ன்னு. பரீட்சை நல்லா எழுதினேன்னாலும் கேப்பாரு, பசிக்கலன்னாலும் கேப்பாரு. சில நேரம் எரிச்சலா வரும்.” துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தப்ப, சரியாயிரும்னு டாக்டர் சொல்லிட்டாருப்பான்னு சொன்னேன். அப்பவும் கேட்டாரு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“நெசமாத்தான்ப்பான்னு சொன்னேன் மிஸ்.”

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான் முன்வாசல் வழியாக வராமல் பக்கத்துச் சந்து வழியாக ரோட்டுக்கு வந்தேன்.

அண்ணே, நான் இன்னும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன். இந்த வருடம் என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வாயைக் கட்டிக்கொண்டு ரொம்ப நாளாகிறது, நல்ல டீச்சர் என்றுகூடச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை காலை கழித்தல் கணக்கு நடத்தினேன். முடித்துவிட்டு, எப்போதும் கேட்பதுபோல் “புரிஞ்சுதா?” என்று திரும்பினேன். “புரிஞ்சுது மிஸ்” என்று முப்பத்தெட்டு வாயும் ஒன்றாகச் சொல்லின. சாக்பீஸோடு அப்படியே நின்றேன். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர்கள் நிஜமாகச் சொன்னார்களா, பயந்துகொண்டு சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை.