வராத ஒன்பது மாதம்

12 ஜனவரி 2025, ஞாயிறு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு மகள் தனுஜா நேராக இங்கே வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் அப்பாவின் புதுப் போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சேமநிதிக் கணக்கை இப்போது போனிலேயே பார்க்கலாமாம். அவர் வேண்டாம் என்றார். "போன் சூடாயிடும்மா" என்றார். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு சாக்கை நான் கேட்டதில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு சிரிக்க முடியவில்லை. போன ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஒரு காசு விழவில்லை. ஒன்பது மாதம். சம்பளச் சீட்டில் மட்டும் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள்.

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள் தனுஜா. அவர் மீனுக்கு மஞ்சள் தடவப் போய்விட்டார்.

13 ஜனவரி

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜூலையிலேயே தெரிந்திருக்கிறது. எங்கிட்ட ஏன் சொல்லல? நான் யாரு அப்ப?

15 ஜனவரி, புதன்

மூன்று நாளாகப் பேச்சு இல்லை. பொங்கலைக்கூட முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வைத்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்தவர்கள். அங்கேதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கவர்மெண்ட் வேலை. பிறகு, தனுஜா கைக்குழந்தையாக இருந்தபோது, சலவையைக் குத்தகைக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். கம்பெனிக்குப் போனால் சம்பளம் கூட. ஆனால் பென்சன் கிடையாது, சேமநிதிதான். போகாதவர்களுக்கு வேறு பிரிவு. அவர் போனார். நான் பெண்கள் வார்டுக்கு மாறி, போன வருஷம் பென்சனோடு வீட்டுக்கு வந்தேன்.

அவர் இன்னும் அதே கூடத்தில் அதே துணியைத் துவைக்கிறார். கம்பெனி மட்டும் ஐந்து முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதுக் கடிதம், புதுச் சட்டை, சர்வீஸ் முதல் நாளிலிருந்து. ஐம்பத்தைந்தில் எடுத்த சேமநிதி வீட்டுக் கடனோடு போனது. அதற்குப் பிறகு சேர்வதுதான் அவருக்கென்று இருப்பது.

சாயங்காலம் நானே போய் உட்கார்ந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்ன சொல்லுவ? என் பென்சன் இருக்கு, கவலப்படாதீங்கன்னு சொல்லுவ. அத எத்தன தடவ கேக்குறது, வடிவு?"

அன்பாகத்தானே சொல்வேன்? ஆனால் என் பென்சன் விழும் நாளெல்லாம் அவர் மார்க்கெட்டுக்குப் போய் தன் காசில் இறால் வாங்கி வருவார். பிடிக்கும் போல என்று இருந்துவிட்டேன். இறால் தின்றால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பிடிப்பது எனக்கு. என் பென்சன் நாளில் தன் காசும் இருக்கிறது என்று காட்டத்தான் வாங்கியிருக்கிறார். இதைக்கூட யோசிக்காமல் என்ன குடும்பம் நடத்தினேன்?

19 ஜனவரி, ஞாயிறு

அவரோடு பதினைந்து வருஷமாக வேலை பார்க்கும் சலேஹா வந்தாள். சலவைப் பிரிவில் பதினோரு பேருக்கும் இதே கதையாம். சேமநிதி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் மார்ச்சில் குத்தகை முடிந்து வேறு கம்பெனி வருகிறது. புகார் கொடுப்பவர்கள் பெயர் புது லிஸ்டில் இருக்காது என்று சூப்பர்வைசர் குகன் சொல்லிவிட்டானாம்.

"அண்ணே மொத கையெழுத்து போட்டா நாங்களும் போடுவோம்லா" என்றாள்.

"பாப்போம்மா" என்றார் இவர்.

அவள் போன பிறகு சொன்னார்: "அறுபது வரைக்கும் ஓட்டணும், வடிவு. இன்னும் ரெண்டு வருஷந்தான்."

என் பென்சன் இருக்கு என்று வாய் வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு

அவருடைய பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடும்போது ஒரு பழைய விண்ணப்பப் பாரம் கையில் கிடைத்தது. குத்தகைக் கம்பெனிக்குப் போகச் சம்மதம் என்று எழுதி, கீழே கையெழுத்து. என் கையெழுத்து!

மறந்தே போயிருந்தேன். நானும் போவதாகத்தான் இருந்தேன். பால் மாவுக்கே இழுபறி. அதிகச் சம்பளம் என்றதும் யோசிக்காமல் போட்டேன். அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். அவர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு என்னுடையதைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ரெண்டு பேரும் போவ வேணாம். ஒருத்தராவது கவர்மெண்ட்ல இருக்கணும். நீ இரு." இரண்டு நாள் சண்டை பிடித்தேன் அப்போது.

என் பென்சனாம். என் பென்சன்!

காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"அன்னிக்கு எனக்காக நீங்க முடிவு பண்ணீங்க. இன்னிக்கு நான் சொல்றேன். போய் கையெழுத்து போடுங்க. வேல போனா போவட்டும். நம்ம பென்சன் இருக்கு."

அவர் நாளைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டார். ஒரே கையை மூன்று தடவை தேய்த்தார்.

3 பிப்ரவரி, திங்கள்

பதினோரு பேரும் லீவு போட்டுச் சேமநிதி அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். கவுண்டரில் இருந்த ஹைருல் என்ற பையன் பொறுமையாகச் சீட்டுகளைப் பார்த்தான். பிடித்ததை முதலாளி கட்டியே ஆக வேண்டும், விசாரிப்போம் என்றான். முதல் கையெழுத்து அவருடையது. முழுப் பெயரையும் எழுதினார் — அர்ஜுனன் த/பெ ராமசாமி.

11 பிப்ரவரி, தைப்பூசம்

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தே போனோம். ஒரு பந்தலில் குகன் நின்றான். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர் மோர் இரண்டு வாங்கி ஒன்றை அவனிடம் நீட்டினார்.

"ஒனக்கும் விழலதானே, தம்பி?"

குகன் மோரைக் குடித்தான்.

14 பிப்ரவரி

குகன் வீட்டுக்கு வந்து தன் சீட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போனான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

28 மார்ச், வெள்ளி

புதுக் கம்பெனி லிஸ்ட் வந்துவிட்டது. குகனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரில் பதினோரு பெயர் இருக்கிறது.

அவர் பெயர் இல்லை.

சலேஹா வந்து அழுதாள், நானும் அழுதேன். அவர் அழவில்லை. "தூக்கம் வருது, வடிவு" என்று படுத்தவர் மத்தியானம் முழுக்கத் தூங்கினார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. காற்றாடியை அவர் பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான்தானே போடச் சொன்னேன்?

29 மார்ச்

கேட்டுவிட்டேன். "நீ சொல்லலன்னாலும் போட்டிருப்பேன்" என்றார். பொய். நல்ல பொய்.

22 மே, வியாழன்

ஏழு மாதம் விழுந்துவிட்டது! எல்லோருக்கும். மீதி இரண்டு அடுத்த மாதமாம். சலேஹா போனில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். புதுக் கம்பெனியில் வருஷத்துக்குப் பதினாறு நாள் லீவு எட்டாகிவிட்டது, நாங்களெல்லாம் மறுபடி புது ஆள் என்றும் சொன்னாள்.

15 ஜூன், ஞாயிறு

கெலுகோரில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்யும் நான்கு பெண்கள் அவரைப் பார்க்க வேண்டும் என்று சலேஹாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் குத்தகை மாறியிருக்கிறதாம்.

"நான் போய் என்னத்த சொல்லுவேன்?" என்று நேற்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நடந்தத சொல்லுங்க" என்றேன்.

நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். மணி ஒன்றரை ஆகியும் ஆளைக் காணோம் என்று போனில் கூப்பிட்டேன். பின்னால் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தம்.

"இன்னும் ரெண்டு பேரு வந்திருக்காங்க. நீ சாப்பிடு, வடிவு."

சோற்றை மூடி வைத்திருக்கிறேன். வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம்.